ராஜஸ்தான் எல்லை வேலிப் பக்கம் போனவர்கள் உண்டா? மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

குப்பம் பழைய ஜவான்:
எல்லைப் பாதுகாப்புப் படையிலிருந்து ஓய்வு பெற்று இப்போது ஊரில் கேழ்வரகு போடுகிறேன். ஜெய்சல்மேர் பக்கம் மூன்று வருடம் இருந்தேன். வேலி, விளக்கு, ஒட்டகம் எல்லாம் படத்தில் பார்த்திருப்பீர்கள், விடுங்கள். வேலியை ஒட்டி நம் பக்கம் ஒரு மணல் பட்டை ஓடும். சாயங்காலம் முள்கட்டை இழுத்து அதை வழித்துவிடுவோம். மெழுகிய களம்போல் கிடக்கும். ராத்திரி யார் கால் வைத்தாலும் காலையில் தெரிந்துவிடும்.

ஒரு விடியற்காலை பூட்ஸ் தடம் பார்த்தேன். வேலி வரை போய்த் திரும்பியிருந்தது. வயிறு கலங்கிவிட்டது. வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டேன். தடம் பார்க்கும் உள்ளூர்ப் பெரியவர் வந்தார், கோஜி என்போம். குந்தி உட்கார்ந்து குச்சியால் அளந்தார். பிறகு தடத்தை விட்டுவிட்டு என் இடது காலையே பார்த்தார். "சின்ன வயதில் அடிபட்ட காலா?" என்றார். ஆமாம், ஆறாவது படிக்கும்போது கிணற்றுமேட்டிலிருந்து விழுந்தேன். கூடப் படுத்த ஆட்களுக்கே தெரியாத விஷயம். ராத்திரி ஒன்றுக்குப் போனது நான்தான், தூக்கக் கலக்கத்தில் மறந்தே போயிருக்கிறேன். அவர் தோள்துண்டால் தடத்தைத் துடைத்துவிட்டு, அதிகாரியிடம் நரி என்று சொல்லிவிட்டார். பூட்ஸ் போட்ட நரி! இன்றைக்கும் வரப்பில் நடந்தால் திரும்பி என் தடத்தைப் பார்க்கிறேன்.

நகரி அக்கா:
அண்ணன் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டார். குடும்பத்தோடு போனவர்களுக்கு அது சிரிப்பு இல்லை. என் வீட்டுக்காரருக்கு அங்கே வேலை, நானும் ஒரு வருடம் இருந்தேன். அரிசியில் மணல், தலையணை உறையில் மணல். தனோட் மாதா கோயிலுக்கு ஒரு தடவை அழைத்துப் போனார். 1965 போரில் வெடிக்காமல் போன குண்டுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். கோயிலை நடத்துவதும் படைதான். பூசை செய்தவர் கையைப் பார்த்தேன், துப்பாக்கி பிடித்துக் காய்த்த கை. அந்தக் கையால் கற்பூரத் தட்டு நீட்டினார். வேண்டுதலுக்குக் கைக்குட்டை கட்டுகிறார்கள். என்னிடம் கைக்குட்டை இல்லை. எங்கள் ஊர்த் தறியில் நெய்த துண்டு ஒன்று பையில் இருந்தது, அதைக் கட்டினேன். இவர் வந்து சேர்ந்துவிட்டார். துண்டு இன்னும் இருக்குமா என்றுதான் அவ்வப்போது நினைப்பு வருகிறது.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:
ஒரு திருத்தம். வேலியும் எல்லைக்கோடும் ஒன்று என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கோட்டிலிருந்து ஏறத்தாழ 150 கஜம் உள்ளே தள்ளி, நம் மண்ணில்தான் வேலி நிற்கிறது. இரண்டு வரிசைக் கம்பி, நடுவே சுருள் முள்கம்பி. பாகிஸ்தானுடனான மொத்த எல்லை 3,323 கிலோமீட்டர். 2011இல் விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த படத்தில் இந்த விளக்குகள் ஆரஞ்சுக் கோடாகத் தெரிகின்றன. நானும் போனேன், மணல்மேடு நகர்ந்து வேலிக் கம்பம் பாதி புதைந்திருந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். ஜெய்சல்மேரிலிருந்து தனோட் சுமார் 120 கிலோமீட்டர், டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். தனோட்டைத் தாண்டிக் காவல் சாவடி வரை போக முன் அனுமதி வேண்டும், அடையாள அட்டையின் அசல் கையில் இருக்கட்டும். வேலியைப் படம் எடுக்க வேண்டாம். ராத்திரி குளிர் எலும்பைத் துளைக்கும், ஸ்வெட்டர் அவசியம். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பிள்ளைகளுக்கு எலுமிச்சை மிட்டாய் வாங்கி வைத்தால்...

வாளையார் லாரிக்காரர்:
வாத்தியாரே, மூன்று வருடம் அங்கே காவல் நின்றவருக்குக் கஜக்கணக்கு சொல்கிறீர்களே! இங்கே யார் டூர் போகப் போகிறோம் என்று கேட்டார்கள்? நான் தேங்காய் லோடு இறக்கிவிட்டு ராத்திரி அந்தப் பக்கம் வழி தவறிவிட்டேன். தூரத்தில் வரிசையாக விளக்கு. ஏதோ ஊரில் தேர்த்திருவிழா என்று அதை நோக்கியே விட்டேன். ஒரு ஜவான் டார்ச் அடித்து நிறுத்தி, பேப்பரைப் பார்த்தார். பாலக்காட்டு விலாசத்தைப் படித்துவிட்டு, "கட்டன் சாயா வேணுமோ?" என்றார். கொல்லத்துக்காரராம். டீ குடித்து முடிக்கும் வரை ஒரு வண்டி வரவில்லை. 2017இல் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் தமிழ்நாடு-கேரள எல்லையில் நம் வாளையார் சாவடியில் பாதி ராத்திரியெல்லாம் வரிசையில் கிடந்தவன் நான். எல்லை என்றால் ஆரனும் புகையும்தான் என்று இருந்தேன். அங்கே அவருடைய டம்ளர் சத்தம் மட்டும் கேட்டது.

நகரி அக்கா:
குப்பம் அண்ணா, அந்தப் பெரியவருக்கு ஏதாவது கொடுத்தீர்களா?

குப்பம் பழைய ஜவான்:
ஒரு கட்டு பீடி நீட்டினேன், அக்கா. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இனிமேல் கூடாரத்துக்குப் பின்பக்கம் போ என்று மட்டும் சொன்னார்.