அமெரிக்காவில் டிஸ்டன்ஸ் டயட்டெடிக் இன்டர்ன்ஷிப்: ஃபீஸ் போக இன்னும் எவ்வளவு ஆகும்?

வடவள்ளி:

எல்லோருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. உணவு அறிவியல் படித்து, அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் டயட்டீஷியனாக இருந்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தேன். வந்த பிறகுதான் அந்தப் படிப்பும் அனுபவமும் இங்கே நேரடியாகச் செல்லாது என்று தெரிந்தது. டிகிரியை மதிப்பீட்டுக்கு அனுப்பி, விடுபட்ட பாடங்களை ஆன்லைனில் இரண்டு வருஷம் படித்து, ஒருவழியாக அதை முடித்ததற்கான வெரிஃபிகேஷன் ஸ்டேட்மென்ட் கைக்கு வந்துவிட்டது. எம்.எஸ்சி. இங்கத்திய மாஸ்டர்ஸுக்குச் சமம் என்று மதிப்பீட்டில் வந்ததால், ஆர்.டி. (பதிவு பெற்ற டயட்டீஷியன்) ஆகும் பரீட்சைக்கு 2024 ஜனவரியிலிருந்து வந்த மாஸ்டர்ஸ் கட்டாயம் என்ற விதியிலும் தப்பித்தேன். பாக்கி இருப்பது இன்டர்ன்ஷிப்தான்.

பெண்ணுக்கு நாலு வயது, வேறு ஊருக்குப் போய் இருக்க முடியாது, அதனால் டிஸ்டன்ஸ் புரோகிராம்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபீஸ் போட்டிருக்கிறார்கள், ஆனால் அதற்குக் கீழே "இதர செலவுகள் இன்டர்னின் பொறுப்பு" என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு ஒளிந்திருக்கிறது? ப்ரிசெப்டரை, அதாவது பயிற்சி இடத்தில் நம்மை மேற்பார்க்கும் ஆளை, நாமே தேடிப் பிடிக்க வேண்டும் என்கிறார்கள், அதை எப்படித்தான் செய்தீர்கள்? வீட்டில் ஒரே கார். "டிஸ்டன்ஸ்தானே, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து முடித்துவிடலாம்" என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்4 விசா, இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை இருக்கிறது. முடித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

உப்புமா எதிரி:

முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தப் பதிலைக் காட்டிவிடுங்கள். டிஸ்டன்ஸ் என்பது உங்களுக்கும் புரோகிராம் டைரக்டருக்கும் நடுவில் உள்ள தூரம், அவ்வளவுதான். இந்தப் புரோகிராம்களுக்கு அங்கீகாரம் தரும் ஏசென்ட் கேட்பது குறைந்தது 1,000 மணி நேரம், அதில் பெரும்பகுதி ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோம், சமையற்கூடம், விக் (தாய்-சேய் ஊட்டச்சத்துத் திட்டம்) கிளினிக் என்று ஆளாக நேரில் போய் நின்று பார்க்க வேண்டிய வேலை. வாரம் 32 மணி நேரம் என்று வைத்தால் ஏழு மாதத்துக்கு மேல் ஓடும், 40 மணி என்றால் ஆறு மாதம். லேப்டாப் எல்லாம் அப்புறம், ராத்திரி குழந்தை தூங்கின பிறகு, கேஸ் ஸ்டடி எழுத.

இரண்டு வருஷம் முன்னால் ராலேயில் இருந்துகொண்டு முடித்தேன். என் கணக்கைச் சொல்கிறேன், உங்களுக்கு ஊரைப் பொறுத்து மாறும்.

புரோகிராம் ஃபீஸ் 11,500 டாலர். நாலு இடத்துக்கு விண்ணப்பித்தேன், டைகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 50, அடுத்தடுத்து 25 என்று 125 ஆனது. இது போக இரண்டு புரோகிராம் தனியாகவும் ஃபீஸ் கேட்டன. சேர்ந்த பிறகு பேக்கிரவுண்ட் செக், டிரக் டெஸ்ட் இரண்டுக்கும் 140. புரொஃபஷனல் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ், மாணவர்களுக்கானது, 50 டாலருக்கும் குறைவு, அது பெரிய விஷயமே இல்லை. டயட்டீஷியன்களின் சங்கமான அகாடமியில் மாணவர் மெம்பர்ஷிப், செர்வ்சேஃப் என்ற உணவுப் பாதுகாப்புச் சர்டிஃபிகேட், வெள்ளைக் கோட்டு, சமையற்கூடத்துக்கு வழுக்காத ஷூ என்று சில்லறைச் செலவுகள். தொடக்க ஓரியன்டேஷனுக்கு நேரில் வரச் சொன்னார்கள், விமானம், மூன்று ராத்திரி ஓட்டல் எல்லாம் சேர்த்து 700 போனது. உங்கள் புரோகிராம் ஜூமில் நடத்துகிறதா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு வம்பு இருக்கிறது. காச நோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பரிசோதனையை முதலில் செய்யச் சொல்வார்கள். நமக்குத்தான் பிறந்ததும் பி.சி.ஜி. போட்டுத் தோளில் தழும்பு இருக்கிறதே, அதனாலேயே அந்த இடம் வீங்கி பாசிட்டிவ் என்று வந்துவிடலாம். எனக்கு வந்தது. அப்புறம் மார்பு எக்ஸ்ரே, டாக்டர் கடிதம், பத்து நாள் அலைச்சல். நேராக ரத்தப் பரிசோதனைக்கே போய்விடுங்கள், குவான்டிஃபெரான் என்று கேட்டால் தெரியும், பி.சி.ஜி. போட்டிருந்தாலும் அது குழம்பாது. அம்மை, ஹெபடைடிஸ் பி எல்லாவற்றுக்கும் சின்ன வயது ரெக்கார்ட் என் அம்மாவிடம் ஒரு மஞ்சள் அட்டையாக இருந்தது, பாதி எழுத்து அழிந்து போயிருந்தது. அதை யாரும் ஏற்கவில்லை. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று டைட்டர் பார்த்து, இல்லாததற்குத் திரும்பப் போட்டுக்கொண்டேன். என் இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் தரவில்லை, கையிலிருந்து 260. ஹெபடைடிஸ் பி வரிசையாகப் போட வேண்டியதாகிவிட்டால் மூன்று டோஸுக்கு ஆறு மாதம் ஆகும், அதனால் இதைக் கடைசிக்கு வைக்காதீர்கள்.

இதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். உண்மையில் கையைக் கடித்தது டே கேர். மாதம் 1,150, ஒன்பது மாதம். என் கிளினிக்கல் சைட், அதாவது நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி இடம், போய் வர 62 மைல், வாரம் நாலு நாள், 14 வாரம். பெட்ரோலும் கார் சர்வீஸும் சேர்த்து எல்லா ரொட்டேஷனுக்குமாக (இடம் மாறி மாறிச் செய்யும் பயிற்சிக் கட்டங்கள்) 1,900 ஆகியிருக்கும். கடைசியில் ஆர்.டி. பரீட்சைக்கான ரிவ்யூ மெட்டீரியலும் பரீட்சை ஃபீஸும் 550 அளவில். 11,500 என்று ஆரம்பித்தது 25,000-ஐத் தாண்டித்தான் நின்றது, இதில் ஒரு டாலர் சம்பளம் கிடையாது. ஒரே கார் என்றால் கஷ்டம். ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் காலை உணவு டிரே லைனுக்கு ஐந்தரை மணிக்கு நின்றிருக்கிறேன், அந்த நேரத்துக்கு யார் கொண்டுவந்து விடுவார்கள்? ஒரு கையில் தெர்மாமீட்டர், இன்னொரு கையில் அட்டை. சூடாக இருக்க வேண்டியது 135 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, குளிர்ச்சியாக இருக்க வேண்டியது 41-க்கு மேலே ஏறக் கூடாது, ஃபாரன்ஹீட்டில். முதல் நாள் முட்டை 128 காட்டியது, அந்த டிரேயைத் திருப்பி அனுப்பச் சொல்ல எனக்கு வாயே வரவில்லை.

வடவள்ளி:

ரொம்ப நன்றி. பி.சி.ஜி. விஷயம் யாருமே சொன்னதில்லை. ப்ரிசெப்டர் எப்படிக் கிடைத்தார்கள் அக்கா? பதினெட்டு மெயில் அனுப்பியிருக்கிறேன், இரண்டு பேர் "முடியாது" என்றார்கள், மற்றவர்கள் பதிலே போடவில்லை.

உப்புமா எதிரி:

நான் 40-ஐத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அதுவும் கிடைத்த கிளினிக்கல் ப்ரிசெப்டர், ஆரம்பிக்க மூன்று வாரம் இருக்கும்போது வேலையை விட்டுப் போய்விட்டார். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பும் இல்லை, மாற்று ஆள் அங்கே இல்லை, அவ்வளவுதான். அதனால் ரொட்டேஷன் வரிசையை மாற்றி விக்கை முதலில் வைத்துக்கொண்டு, கிளினிக்கலுக்கு 31 மைல் தள்ளி இன்னொரு இடம் பிடித்தேன். அந்த 62 மைல் கதை இப்படி வந்ததுதான். ஒவ்வொரு ரொட்டேஷனுக்கும் மனதில் இரண்டாவது இடம் ஒன்று இருக்கட்டும்.

மழைக்காலம்:

மெயில் வாங்கும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நியூ ஜெர்சியில் ஆர்.டி., நர்சிங் ஹோமும் டயாலிசிஸும். வருஷத்துக்கு ஒரு இன்டர்னை எடுத்துக்கொள்வேன், சில வருஷம் அதுவும் இல்லை.

தங்கச்சி, பதினெட்டு மெயிலும் ஒரே மெயில்தானே? எனக்கு வருவதில் பாதி அப்படித்தான், என் பெயர் இருக்காது, எந்தத் தேதி என்று இருக்காது, "உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் கற்க ஆசை" என்று இருக்கும். எனக்குத் தெரிய வேண்டியது நாலே விஷயம்: எந்த ரொட்டேஷன், எத்தனை வாரம், எந்தத் தேதியிலிருந்து, ஒப்பந்தத்தை உங்கள் யூனிவர்சிட்டி தயாராக வைத்திருக்கிறதா. உங்களுக்கு ஆஸ்பத்திரி அனுபவம் இரண்டு வருஷம் இருக்கிறது, அதை முதல் வரியில் போடுங்கள். டியூப் ஃபீடிங் (குழாய் வழி உணவு) கணக்குப் போடத் தெரிந்தவர் என்றால் எனக்குப் பாதிச் சுமை குறைவு. சில புரோகிராம் அந்த அனுபவத்துக்குக் கொஞ்சம் மணி நேரத்தைக் கழித்தும் கொடுக்கும், கேட்டுப் பாருங்கள்.

பெரிய ஆஸ்பத்திரிகளை மட்டும் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் பக்கம் டென்டனில் டெக்சஸ் வுமன்ஸ் யூனிவர்சிட்டி இருக்கிறது, அப்படி டயட்டெடிக்ஸ் புரோகிராம் உள்ள ஊர்களில் பெரிய ஆஸ்பத்திரிகள் அவர்கள் மாணவர்களுக்கே இடம் போதாமல் இருக்கும். நர்சிங் ஹோம்களுக்கு வரும் கன்சல்டன்ட் ஆர்.டி.களைப் பிடியுங்கள், ஒருவரே நாலைந்து இடத்துக்குப் போவார். டயாலிசிஸ் சென்டர்களைக் கேளுங்கள். ஃபுட்சர்வீஸுக்குப் பள்ளி டிஸ்ட்ரிக்டின் உணவுப் பிரிவு நல்லது, அங்கே ப்ரிசெப்டர் ஆர்.டி.யாக இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, பொறுப்பில் இருக்கும் மேனேஜர் போதும். மெயிலை விட போன் மேல், அதுவும் மதியம் இரண்டுக்கு மேல், சாப்பாட்டு நேர அமளி அடங்கின பிறகு.

நான் சரி என்று சொன்னாலும் அது முடிவு இல்லை. எங்கள் இடத்துக்கும் உங்கள் யூனிவர்சிட்டிக்கும் அஃபிலியேஷன் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். இரண்டு பக்க வக்கீல்களும் ஒரு வாக்கியத்துக்காக மூன்று மாதம் மாற்றி மாற்றி மெயில் போட்டதைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் பெரும்பாலும் வருஷ ஆரம்பத்தில் முடியும், பல டிஸ்டன்ஸ் புரோகிராம்கள் அப்போதே சைட் பட்டியலைக் கேட்கும், ஆகவே முந்தின ஆகஸ்ட், செப்டம்பரிலேயே போனை எடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும். சில இடத்தில் ஆள் இல்லாத குறைக்கு இன்டர்னை வைத்து ஓட்டுவார்கள். ஊழியருக்குப் பதிலாக இன்டர்னைப் பயன்படுத்தக் கூடாது என்று ஏசென்ட் விதியே இருக்கிறது. மூன்றாவது வாரமும் டிரே மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தால் டைரக்டருக்குச் சொல்லுங்கள், பயப்படாதீர்கள்.

நர்சிங் ஹோம்தானே என்று இளக்காரமாகவும் நினைக்க வேண்டாம். ஒரு மாதத்தில் 5 சதவீதம் எடை இறங்கியவர்கள் யார் என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொருவராகப் போய் ஏன் என்று பார்ப்பது பெரிய படிப்பு. போன வருஷம் வந்த பெண்ணுக்கு விழுங்கக் கஷ்டப்படுபவர்களின் நாலாம் லெவல் கூழ் பதம் பிடிபடவே இல்லை. ஸ்பூனில் எடுத்தால் குவிந்து நிற்க வேண்டும், சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும், ஒட்டக் கூடாது. அவளும் தமிழ்ப் பெண்தான். "குழந்தைக்கு முதல்முதலாகப் பருப்புச் சாதம் மசிப்பீர்களே, நெய் விட்டு, அது மாதிரி" என்றேன், சரியாகச் செய்துவிட்டாள்.

சட்டம் படிக்காதவன்:

வக்கீல் இல்லை, மனைவிக்காக அலைந்தவன். ஹெச்4-ல் படிக்கத் தடை இல்லை. சம்பளம், ஸ்டைபென்ட் என்று எது வாங்கினாலும் இ.ஏ.டி. செல்லுபடியாக இருக்க வேண்டும், ரொட்டேஷன் நடுவில் காலாவதி ஆகாதபடி தேதியைப் பாருங்கள். எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறி டிஸ்டன்ஸ் சேரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் வகுப்புதான் கணக்கில் வரும். அரசாங்கக் கல்விக் கடன் சிட்டிசனுக்கும் கிரீன் கார்டு போன்ற சில நிலைகளில் இருப்பவர்களுக்கும்தான், நமக்கு இல்லை. ஃபீஸைத் தவணையில் வாங்குவார்களா என்று கேளுங்கள், எங்களுக்கு மூன்று தவணை கொடுத்தார்கள். பாதியில் விட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கடலைமிட்டாய்:

யாரும் என்.டி.டி.ஆர்., அதாவது பதிவு பெற்ற டயட் டெக்னீஷியன் ஆவது பற்றிச் சொல்லவில்லையே. வெரிஃபிகேஷன் ஸ்டேட்மென்டும் டிகிரியும் கையில் இருந்தால் இன்டர்ன்ஷிப் இல்லாமலே அந்தப் பரீட்சை எழுதலாம். இ.ஏ.டி. இருக்கிறது, டயட் டெக்னீஷியனாக ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் வேலை பாருங்கள். டே கேருக்குப் பணம் சேரும், அதை விட முக்கியம் அங்கே இருக்கும் ஆர்.டி.கள் உங்களை முகம் பார்த்துப் பழகியிருப்பார்கள். எனக்கு மூன்று ப்ரிசெப்டர் அப்படித்தான் கிடைத்தார்கள், ஒரு மெயில்கூட அனுப்பவில்லை. ஒரு வருஷம் வீண் என்று என் மாமியார் புலம்பினார், புலம்பட்டும்.

உப்புமா எதிரி:

இது எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே. ஆனால் வடவள்ளிக்குப் படிப்பு முடிந்து இடைவெளி அதிகமாகக் கூடாது. சில புரோகிராம் வெரிஃபிகேஷன் ஸ்டேட்மென்ட் வாங்கி இத்தனை வருஷத்துக்குள் என்று பார்க்கும், அதற்கு மேல் போனால் மறுபடி ஒரு பாடம் படிக்கச் சொல்லும். ஒரு வருஷம் என்றால் பரவாயில்லை.

வடவள்ளி:

எல்லோருக்கும் நன்றி. மழைக்காலம் அக்கா சொன்ன மாதிரி இன்று மதியம் இரண்டரைக்கு, வீட்டிலிருந்து ஆறு மைலில் இருக்கும் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டேன். ஆர்.டி. செவ்வாயும் வெள்ளியும்தான் வருவாராம். சமையற்கூட மேனேஜர் எடுத்தார், "எவ்வளவு வாரம்" என்று அவரே கேட்டார், எனக்குப் பதில் தயாராக இல்லை, முழித்தேன். வெள்ளிக்கிழமைக்குள் தேதியெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு திரும்பக் கூப்பிடுகிறேன். என்.டி.டி.ஆர். யோசனையை இவரிடம் சொன்னேன், முதலில் "இரண்டாவது கார் எப்போது" என்று கேட்டார்.