கவனக் குறைபாட்டைக் கண்டுபிடிக்க உறுதியான டெஸ்ட் உண்டா?

கேள்வி
பையனுக்கு 9 வயசு. டீச்சர் நிரப்பின ஏடிஎச்டி (கவனக் குறைபாடு) படிவத்துல முக்கால்வாசி "அடிக்கடி"தான். அதையே நான் நிரப்பினா பாதிகூட வரல. வீட்ல லெகோ எடுத்தா ரெண்டு மணி நேரம் அசைய மாட்டான். யார் சொல்றதை நம்புறது? ரத்தப் பரிசோதனை மாதிரி ஏதாவது இருக்கா?

பதில் 1
எங்க பொண்ணுக்குத் தலையில வயர் ஒட்டி மூளை அலை எடுத்தாங்க. அரை மணி நேரத்துல "உறுதி"ன்னு ரிப்போர்ட். அதையும் கேட்டுப் பாருங்க.

பதில் 2
நான் குழந்தைகளுக்குக் கவனத்தை அளக்கிற டெஸ்ட் எடுக்கிற உளவியலாளர். மூளை அலையை மட்டும் வச்சு உறுதின்னு சொல்லக் கூடாதுங்க. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2016லயே அதைத் தெளிவா சொல்லிடுச்சு.

கணினி டெஸ்ட் இருக்கு. கானர்ஸ் சிபிடின்னு ஒண்ணுல 14 நிமிஷம் எழுத்துகள் ஒவ்வொண்ணா வரும். எக்ஸ் தவிர எது வந்தாலும் பட்டனை அழுத்தணும். போன மாசம் ஒரு பையன் முதல் சில நிமிஷம் அருமையா செஞ்சான். எழுத்துகள் நாலு செகண்டுக்கு ஒண்ணா வர ஆரம்பிச்சதும் விரல் பட்டன் மேலயே இருக்கு, கண்ணு மட்டும் மின்விசிறிக்குப் போயிடுச்சு. தவறவிட்டது, அவசரப்பட்டு அழுத்தினது இரண்டையும் எண்ணுவோம். நான் அதிகம் பார்க்கிறது பட்டனை அழுத்துற வேகத்தோட ஏற்ற இறக்கத்தை. கியூபி டெஸ்ட்னு இன்னொரு கணினி டெஸ்ட்ல கேமரா தலை அசைவையும் அளக்கும். இங்கிலாந்துல மருத்துவ வழிகாட்டுதல் தர்ற நைஸ் அமைப்பு 2024ல 6 முதல் 17 வயசு வரைக்கும் அதைப் பரிந்துரைச்சது, மருத்துவரோட மதிப்பீட்டுக்குத் துணையாத்தான்.

ஏன்னா ஏடிஎச்டி இருக்கிற சில பிள்ளைங்க இதுல நல்லாவே செய்வாங்க, புது விளையாட்டு மாதிரி. பதட்டமோ தூக்கக் குறைவோ இருக்கிற பிள்ளை தடுமாறும். லெகோவும் அப்படித்தான்: பிடிச்சதுல மூழ்குறதால ஏடிஎச்டி இல்லைன்னு ஆகாது. அறிகுறிகள் 12 வயசுக்கு முன்னாடியே தொடங்கி, வீடு, பள்ளி மாதிரி ரெண்டு இடத்துலயாவது, ஆறு மாசமாவது தெரியணும். டீச்சருக்கும் உங்களுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்னு கேளுங்க, அது எந்த டெஸ்டும் தராத தகவல். காது, கண் பரிசோதனை ஆச்சா?

கேள்வி கேட்டவர்
ரெண்டும் சரியா இருக்கு. டீச்சர்கிட்ட கேட்டேன். மத்தியானத்துக்கு அப்புறம்தான் ரொம்ப மோசமாம். தூங்க அவனுக்கு 11 மணி ஆகுது, 6 மணிக்கு எழுப்புறேன்.

பதில் 2
ஏழு மணி நேரம் இந்த வயசுக்குப் பத்தாதுங்க, ஒன்பதாவது வேணும். மூணு வாரம் சீக்கிரம் படுக்க வச்சு, தினமும் நேரத்தை எழுதி வைங்க. அப்புறம் டீச்சரை மறுபடி படிவம் நிரப்பச் சொல்லுங்க. அப்பவும் அதே மாதிரி வந்தா தாமதிக்காம மருத்துவரைப் பாருங்க. டெஸ்டைக் காலையில வைக்கச் சொல்லுங்க.