மறுமொழி: டானின் கறைக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

சுங்கை சிப்புட்டிலிருந்து:
வணக்கம். தோட்டத்திலிருந்து ஈப்போ ஹோட்டல்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இங்கே மண்டபத்தில் வகுப்பு எடுக்கிறேன். இந்த வாரம் பாத்திரம் கழுவும் பாடம். ஒயின் கிளாஸ், தேத்தண்ணிக் கோப்பை இரண்டிலும் படிவது டானின் கறை (டானின் என்பது ஒயினிலும் தேயிலையிலும் உள்ள ஒரு பொருள்). சோடியம் பெர்கார்பனேட் தூளை வெந்நீரில் கரைத்து ஊறவைத்தால் போய்விடும், அலுமினியச் சட்டிக்கு ஆகாது. 'டானின் கறை'க்குத் தமிழில் என்ன? இத்துடன் இணைத்துள்ள பாடத்தாளை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

பினாங்கிலிருந்து:
தேறல் இருக்க ஏன் திகைப்பு? 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்', புறநானூறு 56. கப்பலேறி வந்த ஒயினேதான். தேறற்கறை என்று போடுங்கள். 'தேறல்கறை' என்று எழுதிவிடாதீர்கள், லகரம் திரியும்.

கிள்ளானிலிருந்து:
ஐயா, தேறு என்றால் தெளிதல். மண்டி அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். தெளிந்ததற்கு ஏது கறை? அதே பாட்டில் பொற்கலத்தில்தான் ஏந்திக் கொடுக்கிறார்கள், அதிலும் கறை பிடிக்காது. நான் சொல்வது துவர்க்கறை. டானினின் குணமே துவர்ப்பு. ஒயின், தேயிலை, மங்குஸ்தீன் தோல் எல்லாம் அடங்கிவிடும். துவருக்குச் சிவப்பு என்றும் பொருள் உண்டு: துவர்வாய், துவராடை. சுவையும் நிறமும் ஒரே சொல்லில்!

கூலிமிலிருந்து:
சுவை சரி, நிறம் ஒட்டாது. நான் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன். ஒயினின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. சமையல் சோடா தடவிப் பாருங்கள், காரம் பட்டதும் நீலம் பாயும். அப்போது அது நீலத்துவரா?

சுங்கை சிப்புட்டிலிருந்து:
போன வாரம் வகுப்பிலேயே நீலமாகிவிட்டது சார். ஓர் அக்கா கிளாஸைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்தே போனார்.

கிள்ளானிலிருந்து:
நீலமானால் என்ன? நாகர்கோவில் பக்கம் துண்டைத் துவர்த்து என்பார்கள். கழுவிய கிளாஸைத் துவர்த்தால்தானே நீர்த்தடம் விழாது? ஆக மூன்றாவது பொருளும்...

தைப்பிங்கிலிருந்து:
போதும் அண்ணே! மரம் வெட்டிய எங்கம்மா, சட்டையில் ரப்பர்ப் பால் பட்டுக் கறுத்தால் 'பால்கறை' என்பார். வேர்ச்சொல் தேடவில்லை. ஒயின் கறை என்றே விடுங்கள், கழுவுகிறவருக்குப் புரிந்தால் சரி.

கிள்ளானிலிருந்து:
எண்ணெய்ப் பனைக்கு வந்த செம்பனையும் புதுச் சொல்தானே தம்பி? இன்று லோரிக்காரர்கூடச் சொல்கிறார்.

கூலிமிலிருந்து:
கறைக்கு எந்தப் பெயரும் வையுங்கள். தூளை மட்டும் வெறும் 'வெளுப்பி' என்று எழுத வேண்டாம். அடுத்த பக்கத்தில் சுண்ணாம்புப் படிவுக்கு வினிகர் சொல்லியிருக்கிறீர்கள். வெளுப்பி என்றதும் குளோரின் புட்டியை யாராவது எடுத்து, அதில் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பின்கட்டில் மூச்சுத் திணறும். 'ஆக்சிஜன் வெளுப்புத்தூள்' என்று முழுசாகப் போடுங்கள். ஆக்சிஜனுக்கு 'உயிர்வளி' வேண்டும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

பினாங்கிலிருந்து:
உயிர்வளிக்கு என்ன குறை?

சுங்கை சிப்புட்டிலிருந்து:
வியாழன் இரவு மணி 11.40. தனிமடல்களையும் சேர்த்து எண்ணினேன்: துவர்க்கறை 4, ஒயின் கறை 3, தேறற்கறை 1. தலைப்பில் 'துவர்க்கறை (ஒயின், தேத்தண்ணி)' என்று போட்டுவிட்டேன். தூளுக்குக் கூலிம் சார் சொன்னதுதான். அப்புறம் நாளைக்கு வகுப்பில் எல்லாரும் ஒயின் கறை என்றுதான் சொல்லப்போகிறார்கள், எனக்குத் தெரியும்.

பினாங்கிலிருந்து:
அந்த ஒன்று என்னுடையது. பொற்கலத்தில் கறை பிடிக்காதது தேறலின் குற்றமன்று.