யூ. தாண்ட் என்று புள்ளி வைத்தவள் நான்தான்: குடும்பப் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர்: அடைவுக்காரி

வணக்கம். புத்தகத்தின் கடைசியில் பொடி எழுத்தில் பெயரடைவு வருமே, அதைத் தயாரிப்பது என் வேலை. முன்பு துண்டுச் சீட்டில் எழுதி மேசை முழுக்கப் பரப்பி அகரவரிசைப்படுத்துவேன். இப்போது எக்செல். மின்விசிறியைப் போட்டுக்கொள்ளலாம் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

போன வருடம் ஒரு வரலாற்று நூலுக்கு அடைவு செய்தபோது, 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்தவரை ‘தாண்ட், யூ.’ என்று போட்டேன். யூவுக்குப் பக்கத்தில் அழகாக ஒரு புள்ளி. புத்தகம் வந்த கையோடு ஒரு வாசகர் எழுதிவிட்டார்: “அது இனிஷியல் இல்லை அம்மா. பர்மிய மொழியில் பெரியவர்களுக்குப் போடும் மரியாதைச் சொல். அவருக்கு இருந்ததே தாண்ட் என்ற ஒரே பெயர்தான்.” அதாவது ஒருவரை ‘திரு. முருகன்’ என்று சொல்ல, நான் ‘முருகன், தி.’ என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை இன்னும் திறந்து பார்க்கவில்லை.

கடைசியில் நிற்கும் சொல்லைத் தூக்கி முன்னால் போடு, அதுதான் குடும்பப் பெயர் என்பது இத்தனை காலம் என் சூத்திரம். அது உதவாது என்று தெரிந்துபோயிற்று. இப்போது கையில் உள்ள நூலில் முழுக்க முழுக்க இருபதாம் நூற்றாண்டுத் தலைவர்கள். என்னைப் படுத்துகிறவர்கள் இவர்கள்: ஃபிடல் காஸ்ட்ரோ ரூஸ், வோ நுயென் கியாப், சுகர்னோ, ஆங் சான் சூ கீ, விக்தீஸ் ஃபின்பொகாதோட்டிர். யாரை எந்த எழுத்தில் வைப்பது?

இன்னொன்று. நூலாசிரியர் ஒவ்வொரு பெயருக்கும் அடிக்குறிப்பில் பொருள் கொடுக்க ஆசைப்படுகிறார். பெயர்ப்பொருள் சொல்லும் தளங்களைத் திறந்தால் ஆண் என்றால் ‘வீரன்’, பெண் என்றால் ‘ஒளி’. இதையெல்லாம் நம்பி அச்சில் ஏற்றலாமா?

பதில் 1: நூலகப்பூனை

புள்ளிக்காக வருத்தப்படாதீர்கள் அக்கா. நான் அட்டவணைப் பிரிவில் வேலை பார்த்தபோது இதைவிட மோசமாகச் செய்திருக்கிறேன்.

காஸ்ட்ரோவில் கடைசிச் சொல்லைத் தூக்கினால் மாட்டிக்கொள்வீர்கள். ஸ்பானிய வழக்கில் இரண்டு குடும்பப் பெயர்கள். முதலில் அப்பா வழி, அடுத்தது அம்மா வழி. காஸ்ட்ரோ அப்பாவுடையது, ரூஸ் அம்மாவுடையது. ஆகவே ‘கா’. பிக்காசோ இதற்கு நேர்மாறு: பாப்லோ ருயிஸ் பிக்காசோ என்பதில் ருயிஸ்தான் அப்பா வழி. அவர் அதைக் கழற்றிவிட்டு அம்மா பெயரோடு நின்றுவிட்டதால் ‘பி’யில் வைக்கிறோம். வழக்கு என்ன என்பதோடு அந்த ஆள் தன்னை எப்படி அழைத்துக்கொண்டார் என்பதையும் பார்க்க வேண்டும்.

கியாப்: வியட்நாமில் குடும்பப் பெயர் முதலில் வரும். ஆகவே ‘வோ’. ஆனால் அங்கே ஆளைக் கூப்பிடுவது கடைசிப் பெயரால். உலகமே அவரை ஜெனரல் கியாப் என்றுதான் சொன்னது. ‘கியாப்: காண்க வோ நுயென் கியாப்’ என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள்.

சுகர்னோவுக்கு ஒரே பெயர். குடும்பப் பெயரைத் தேடாதீர்கள், கிடைக்காது.

ஆங் சான் சூ கீயைப் பிரிக்கவே கூடாது. ஆங் சான் அவருடைய அப்பா பெயர், சூ என்பது அப்பாவைப் பெற்ற பாட்டியிடமிருந்து, கீ என்பது அம்மா கின் கீயிடமிருந்து. மூன்று பேரிடமிருந்து வாங்கிச் சேர்த்த ஒரு பெயர், அதில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது.

விக்தீஸ் 1980இல் ஐஸ்லாந்தின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஃபின்பொகாதோட்டிர் என்றால் ‘ஃபின்போகியின் மகள்’, அவ்வளவுதான். கூடப் பிறந்த ஆணுக்கு அது ஃபின்பொகாசன் ஆகிவிடும். ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. அங்கே அச்சில் வந்த தொலைபேசி விவரப் புத்தகமே முதற்பெயர் வரிசையில்தான் இருந்தது. ‘வி’யில் வையுங்கள்.

பதில் 2: வேர்தேடி

அடிக்குறிப்பு விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். அச்சில் ஏற்றாதீர்கள்.

வனெஸா என்ற பெயருக்குப் பல தளங்களில் ‘பட்டாம்பூச்சி’ என்று இருக்கும். நடந்தது தலைகீழ். அந்தப் பெயரை 18ஆம் நூற்றாண்டில் ஜோனதன் ஸ்விஃப்ட் தன் தோழி எஸ்தர் வனாம்ரிக்காகக் கட்டினார். குடும்பப் பெயரிலிருந்து ‘வன்’, எஸ்தரைச் செல்லமாக்கி ‘எஸா’. பிறகு 1807இல் ஒரு பூச்சியியலாளர் ஒரு பட்டாம்பூச்சி இனத்துக்கு வனெஸா என்று பெயர் வைத்தார். பெயரிலிருந்து பூச்சிக்குப் போனதே தவிர பூச்சியிலிருந்து பெயருக்கு வரவில்லை.

குடும்பப் பெயரில் இன்னும் வேடிக்கை. பிரைஸ் என்பதை விலை என்று படித்துவிடுவோம். அது வேல்ஸ் மொழியில் ‘அப் ரீஸ்’, அதாவது ரீஸின் மகன். வேகமாகச் சொல்லச் சொல்ல ‘அ’ உதிர்ந்து ‘ப்’ மட்டும் ஒட்டிக்கொண்டது. பாவெல் என்பதும் அப்படித்தான், ‘அப் ஹவெல்’.

இட்ட பெயர்களில் பொருள் தெளிவாக இருக்கும் இடங்களும் உண்டு. தியோடர், டோரத்தி இரண்டும் ஒரே கிரேக்கச் சொற்கள், முன்பின்னாக மாற்றிப் போட்டவை: கடவுளின் கொடை. ஸ்லாவிய மொழிகளில் அது போக்தான். நம் பக்கம் தேவதத்தன். இசைமேதை மோட்சார்ட்டுக்கு 1756இல் ஞானஸ்நானப் பதிவில் இருந்தது கிரேக்கத் தியோஃபிலஸ், அதாவது கடவுளுக்கு அன்பானவர். அவர் அப்பா அதையே ஜெர்மனில் கோட்லீப் என்று எழுதினார். இன்று நாம் சொல்லும் அமதேயஸ் அதன் லத்தீன் வடிவம். பெயரை மொழிபெயர்ப்பது தமிழுக்கும் புதிதில்லை. பவுல் என்றால் லத்தீனில் சிறியவர். பழைய கத்தோலிக்கத் தமிழில் அவர் சின்னப்பர்! அதை யோசித்தவருக்கு நல்ல காது இருந்திருக்க வேண்டும்.

ஆனால் இதெல்லாம் சொல்லின் பொருள், ஆளின் பொருள் இல்லை. ஸ்மித், ஷ்மிட், கோவாச், கோவல்ஸ்கி, ஹதாத், குஸ்னெத்சோவ் எல்லாரும் கொல்லர் வீட்டுப் பெயர்க்காரர்கள்தான். உலைக்களத்தில் நின்ற அந்தத் தாத்தா போய் எத்தனையோ தலைமுறை ஆயிற்று. பெயர் மட்டும் உறைந்துவிட்டது.

உறைய வைத்ததில் பெரிய பங்கு பதிவேட்டுக்கு. பிலிப்பைன்ஸில் 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவெரியா குடும்பப் பெயர்களின் பட்டியல் ஒன்றை அச்சடித்து ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தார். அகரவரிசையில் கொடுத்ததால் சில ஊர்களில் எல்லாருடைய பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கின. (உங்களுக்குப் பிடித்திருக்கும்.) ஜப்பானில் எல்லாருக்கும் குடும்பப் பெயர் கட்டாயமானது 1875இல். துருக்கியில் 1934இல். முஸ்தபா கெமாலுக்கு நாடாளுமன்றமே ‘துருக்கியரின் தந்தை’ என்று பொருள்படும் அத்தாதுர்க்கைக் கொடுத்தது. அவருக்குப் பின் அதிபரான இஸ்மத், தான் போரிட்ட இடத்தின் பெயரான இனோனூவைப் பெற்றார். இந்த இருவருக்கு மட்டும் அடிக்குறிப்பு போடலாம். ஏன் அந்தப் பெயர் என்பதற்கு இங்கே பதில் இருக்கிறது.

பதில் 3: சும்மாவந்தவன்

மின்னூலில் தேடினால் ஒரு நொடியில் வந்துவிடுமே, இதற்கு ஒரு அடைவு, அதற்கு ஒரு சண்டையா?

அடைவுக்காரி

சும்மாவந்தவன், ‘காஸ்ட்ரோ’ என்று தேடிப் பாருங்கள். அண்ணன் ஃபிடலும் தம்பி ராவுலும் கலந்து கலந்து வருவார்கள். ‘தலைவர்’ என்றும் ‘அவர்’ என்றும் மட்டும் எழுதியிருக்கும் பக்கங்கள் வரவே வராது. அந்தப் பக்கங்களைத் தேடிப் பிடிக்கத்தான் எனக்குக் கூலி.

பூனை, எல்லாம் மாற்றியாயிற்று. மிக்க நன்றி. வேர்தேடி, உங்கள் பதிலை அப்படியே நூலாசிரியருக்கு அனுப்பினேன். மனிதருக்குக் கோபம். காஸ்ட்ரோ என்றால் கோட்டை, ஆகவே ‘கோட்டை போன்ற உறுதி பெயரிலேயே அமைந்தது’ என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாராம். ஃபிடலின் அப்பா ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து வந்தவர், அங்கே குன்றுகள் மேல் இடிந்து கிடக்கும் பழங்காலக் கோட்டைக் குடியிருப்புகளுக்குத்தான் காஸ்ட்ரோ என்று பெயர், ஏதோ ஒரு பாட்டனார் அதற்குப் பக்கத்தில் குடியிருந்திருப்பார் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் “சரி, எடுத்துவிடுங்கள்” என்றார். அத்தாதுர்க், இனோனூ இரண்டும் நிற்கின்றன.

ஒரு ஆள்தான் பாக்கி. சே குவேரா. ‘சே’ அவருக்கு இட்ட பெயர் இல்லை. அர்ஜென்டினாவில் பேச்சுக்குப் பேச்சு ‘ஏய்’, ‘அடேய்’ என்பதுபோல் போடும் சொல். அவர் வாயில் அது ஓயாமல் வந்ததால் கியூபத் தோழர்கள் அதையே பட்டப்பெயராக்கிவிட்டார்கள். எனவே ‘கு’ பகுதியில் முழு வரி, ‘சே’ பகுதியில் இது மட்டும்:

சே: காண்க குவேரா, எர்னஸ்டோ

இந்த முறை புள்ளி வைக்கவில்லை.

பதில் 4: நூலகப்பூனை

சரியாக இருக்கிறது அக்கா. புரூஃபில் யாராவது ‘சே.’ ஆக்கிவிடப் போகிறார்கள், கடைசி ஃபாரத்தை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.