புதுக் காரின் எஞ்சின்: முதல் 1000 கி.மீ. எப்படி ஓட்டுவது?

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சில நாட்களில் என் கைக்குப் புதுக் கார் ஒன்று வரவிருக்கிறது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும் ஆறு கியர் கொண்ட மேனுவல் கியர்பாக்ஸும் உடைய வண்டி. உரிமையாளர் கையேட்டை முன்கூட்டியே படித்துவிட்டேன். முதல் 1000 கி.மீ. வரை ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதிக்கக் கூடாது, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டக் கூடாது, பின்னால் எதையும் கட்டி இழுக்கக் கூடாது என்று சில வரிகளில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஏன் என்று ஒரு வார்த்தை கூட இல்லை.

கேட்டுப் பார்த்த இடங்களில் கிடைத்த பதில்களோ ஒன்றோடொன்று மோதுகின்றன. இக்காலத்து எஞ்சினுக்கு ரன்னிங் இன் (புது எஞ்சினை ஆரம்பத்தில் பார்த்து ஓட்டிப் பழக்குவது) எதுவும் வேண்டாம் என்று விற்பனையாளர் சொல்கிறார். பல கார்களை வைத்து ஓட்டிய என் பெரியப்பா, முதல் சர்வீஸ் முடியும்வரை 60 கி.மீ. வேகத்தைத் தாண்டவே கூடாது என்கிறார். முதல் நாளே எஞ்சினை நன்றாக விரட்டினால்தான் பிஸ்டன் ரிங் சரியாக செட்டாகும் என்று உறுதியாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எதை ஏற்பது என்று நானே முடிவு செய்துகொள்வேன். என் ஓட்டம் பெரும்பாலும் நெரிசலில் குறைந்த தூரம் போய்வருவதுதான் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள். முதல் ஆயிலை வழக்கத்துக்கு முன்பே மாற்றிவிடலாமா என்பதையும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உலோகவன் எழுதியது:

வணக்கம் நண்பரே. எஞ்சின் ரீபோரிங் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், கையேடு சொல்லாமல் விட்ட காரணத்தை எழுதுகிறேன்.

சிலிண்டரைக் கடைந்து முடித்ததும் கடைசி வேலையாக அதன் உட்சுவரை ஹோனிங் கற்களால் தேய்ப்பார்கள். அப்போது சுவர் முழுவதும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய சாய்கோடுகள் விழும். கோடுகளின் பள்ளங்கள் ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காக உள்ளவை. அவற்றுக்கு இடையிலுள்ள நுண்ணிய மேடுகள், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங்கோடு உரசிச் சற்றே தேய்ந்து, ரிங்கின் விளிம்பும் சுவரும் சுற்றளவு முழுவதும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். இதைத்தான் ரிங் செட்டாவது என்கிறோம். இந்தப் பொருத்தம் சரியாக அமையாத எஞ்சினில், எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டி, எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கும், ஆயில் மேலேறி எரிந்துபோகும், இழுவையும் குறையும்.

ரிங் தன் சொந்த வில்விசையால்தான் சுவரோடு அழுந்துகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்த விசை மிகவும் சிறியது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் உயர் அழுத்த வாயு, மேல் ரிங்குக்கும் அது உட்கார்ந்திருக்கும் காடிக்கும் இடையே புகுந்து, ரிங்கைப் பின்னாலிருந்து சுவரை நோக்கித் தள்ளுகிறது. ரிங்கை அழுத்தும் பெரும்பங்கு விசை அதுதான். ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால் அந்த அழுத்தம் எழுவதே இல்லை. அப்படியே தொடர்ந்து ஓட்டும்போது, மேடுகள் தேய்வதற்கு முன்பே சுவரில் படிந்த ஆயில் சூட்டில் மெருகுபோல் இறுகிக் கோடுகளின் பள்ளங்களை மூடிவிடக்கூடும். பட்டறையில் இதைக் கிளேசிங் என்போம். எஞ்சினைப் பிரித்து மறுபடி ஹோனிங் செய்வதைத் தவிர அதற்கு நல்ல வழி கிடையாது. ஆகவே உங்கள் பெரியப்பாவின் அக்கறையை மதிக்கிறேன் என்றாலும், 60 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் மென்மையாகவே ஓட்டுவது எஞ்சினுக்குச் செய்யும் உதவி ஆகாது.

விற்பனையாளர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. இப்போது பல தொழிற்சாலைகளில் முதலில் முரட்டுக் கல்லாலும் பிறகு நுண்கல்லாலும் தேய்த்து, மேடுகளின் முனையை அங்கேயே சீவிவிடுகிறார்கள். இதற்கு பிளாட்டோ ஹோனிங் என்று பெயர். முன்பு சாலையில் நடந்து முடிய வேண்டிய தேய்மானத்தில் பெரும்பகுதி இதனால் வண்டி வெளியே வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஆனாலும் மிச்சமுள்ள பங்கு உங்கள் கையில்தான் இருக்கிறது. பல தொழிற்சாலைகளில் எஞ்சினை எரிபொருள் இல்லாமல் மின்மோட்டாரால் சுழற்றிச் சோதிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதால், எரிதலின் முழு அழுத்தத்தை அந்த ரிங்குகள் முதன்முதலில் பெரும்பாலும் வாங்கியவரிடம்தான் சந்திக்கின்றன.

வானகம் எழுதியது:

உலோகவன் ஐயாவின் விளக்கத்தோடு என் துறையிலிருந்து ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். விரட்டி ஓட்ட வேண்டும் என்ற கருத்துக்கு உண்மையான ஒரு வேர் இருக்கிறது. சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சினைப் புதிதாகப் பொருத்தும்போது அதை மென்மையாகப் பறக்கவிடுவதில்லை. விமான எஞ்சின் தயாரிக்கும் லைகமிங் நிறுவனத்தின் அறிவுரைப்படி, அழுக்கைச் சிதறவைக்கும் சேர்மானங்கள் இல்லாத வெறும் கனிம ஆயிலை ஊற்றி, முதல் 50 மணி நேரம் வரை அல்லது ஆயில் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை, எஞ்சினின் முழுத்திறனில் 65 முதல் 75 விழுக்காடு வரையிலான உயர் திறனில் பறக்க வேண்டும். தரையில் நெடுநேரம் நிறுத்தி ஓடவிடுவதையும் குறைந்த திறனில் பறப்பதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். காரணம் அவர் சொன்னதேதான்: அழுத்தம் இல்லாவிட்டால் ரிங் செட்டாகாது.

இருந்தாலும் இதை அப்படியே காருக்குக் கொண்டுவரக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. விமான எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்படுவது, அதன் இடைவெளிகள் பெரியவை. அங்கேயும் கேட்பது உயர்ந்த சுமையைத்தான். சிவப்புக் கோட்டை (எஞ்சின் சுழற்சியின் உச்ச வரம்பை) தொடும் சுழற்சியை யாரும் கேட்பதில்லை. காரில் எஞ்சினோடு கூட கியர்பாக்ஸும், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தளிக்கும் டிஃபரன்ஷியலும் புதியவை. அவற்றின் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை உரசல் சூடு வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும். ரிங்கை மட்டும் மனத்தில் வைத்து முதல் நாளே முழு ஆக்சிலரேட்டரில் விரட்டுபவர், அந்தப் பற்களின் மேல் தேவையற்ற பாரத்தை ஏற்றுகிறார்.

மலைப்பாதை எழுதியது:

காரணத்தை இருவரும் தெளிவாக எழுதிவிட்டார்கள். ஸ்டீயரிங் பிடித்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் எழுதுகிறேன்.

முதலாவது, சூடு. கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைக் காட்டும் முள் நடுவில் வந்து நின்றதும் எஞ்சின் சூடாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்; ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும். முள் நடுவுக்கு வந்த பிறகும் சில நிமிடங்கள் அடக்கமாகவே ஓட்டுங்கள். அதற்காக வண்டியை நிறுத்தி வைத்து வெறுமனே ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டியதில்லை. கிளப்பிச் சிறிது நேரத்தில் நகர்ந்துவிடுவதே நல்லது.

சூடேறிய பிறகு, சாலை இடம் கொடுக்கும்போது, மூன்றாம் அல்லது நான்காம் கியரில் சுமார் 2000 ஆர்.பி.எம்.மிலிருந்து 3500 வரை, ஆக்சிலரேட்டரைப் பாதிக்குச் சற்று மேலாக மிதித்து ஏறவிடுங்கள். பிறகு காலை எடுத்து, கியரிலேயே வேகம் தானாக இறங்க விடுங்கள். ஏறும்போது ரிங் சுவரோடு அழுந்துகிறது, இறங்கும்போது அந்த இடம் சற்றே குளிர்ந்துகொள்கிறது. பாதை ஓரளவு மேடுபள்ளமாக இருந்தால் இது இயல்பாகவே நடந்துவிடும். கையேட்டில் ஒரே வேகம் கூடாது என்று எழுதியிருப்பதன் பொருளும் இதுவே. சுமையும் சுழற்சியும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் 1000 கி.மீ. வரை வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலை மறந்துவிடுங்கள்.

உங்கள் வண்டி டர்போ என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எஞ்சினுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, 1200 ஆர்.பி.எம்.மில் ஐந்தாம் கியரைப் போட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தாதீர்கள். சுழற்சி குறைவாகவும் சுமை அதிகமாகவும் இருக்கும்போது, நேரடியாகச் சிலிண்டருக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில், ஸ்பார்க் விழுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் கோளாறு நேரக்கூடும். அது பிஸ்டனையே உடைக்க வல்லது. புதுசோ பழசோ, வண்டி முக்குகிறது என்று தோன்றினால் உடனே ஒரு கியர் குறையுங்கள். ரன்னிங் இன் காலத்தில் ஆர்.பி.எம். ஏறுவதைக் கண்டு அஞ்சுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் தவறிவிடுகிறார்கள். எனக்கு இதுவே பெரிய கவலை.

நுண்துகள் எழுதியது:

ஆயிலைப் பற்றி என் கருத்து. புது எஞ்சினிலிருந்து முதலில் வடிக்கும் ஆயிலைச் சோதனைச்சாலையில் பகுத்துப் பார்த்தால் இரும்பும் செம்பும் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தெரியும். சிலிக்கானும் கூடுதலாக இருக்கும். பலர் அதைப் பார்த்துத் தூசி புகுந்துவிட்டதென்று பதறுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் அது எஞ்சின் பாகங்களின் இணைப்புகளில் கசிவைத் தடுக்கப் பூசிய சீலண்டிலிருந்து கரைந்து வருவது. தேய்ந்த துகள்கள் மிதக்கும் ஆயிலை எதற்காக வெகுதூரம் சுமக்க வேண்டும்? முதல் 1000 கி.மீ. முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவதே சரி என்பது என் நிலைப்பாடு. பி.எம்.டபிள்யூ. நிறுவனமே தன் அதிவேக எம் வகைக் கார்களுக்கு 2000 கி.மீ. அளவில் ஒரு ரன்னிங் இன் சர்வீஸை வைத்து, எஞ்சின் ஆயிலோடு பின் டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றச் சொல்கிறது.

உலோகவன் எழுதியது:

நுண்துகள் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லா வண்டிக்கும் பொதுவான விதியாக அதை ஏற்க எனக்குத் தயக்கம். ஹோண்டா தன் வாடிக்கையாளர்களிடம், தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலை அட்டவணைக்கு முன்பே மாற்ற வேண்டாம் என்று சொல்லிவந்திருக்கிறது. எஞ்சினைப் பூட்டும்போது பாகங்களில் பூசும் மசகிலிருந்து மாலிப்டினம் போன்ற தேய்மானத் தடுப்புப் பொருள்கள் அந்த முதல் ஆயிலில் கலந்து நிற்கின்றன, ஆரம்பத் தேய்மானத்தின்போது அவை உதவுகின்றன என்பது அதற்கான விளக்கம். ஆயில் வழியே சுற்றிவரும் துகள்களில் பெரியவற்றை ஃபில்டர் பிடித்துவிடுகிறது. ஆகவே கையேடு சீக்கிரம் மாற்றச் சொன்னால் மாற்றுங்கள், வேண்டாம் என்றால் பொறுங்கள். எதுவுமே சொல்லாவிட்டால் 1000 கி.மீ.க்குப் பிறகு மாற்றுவதால் கேடில்லை. வாரண்டியில் சிக்கல் வராதபடி அதே தரக்குறியீடு உள்ள ஆயிலையே ஊற்றி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கையேட்டின் அந்தச் சில வரிகளுக்குப் பின்னால் இவ்வளவு பொருள் இருப்பது இப்போதுதான் புரிகிறது. ஓர் ஐயம் மட்டும் மீதம் உள்ளது. என் அன்றாட ஓட்டம் நெரிசலில் குறைந்த தூரம்தான் என்று சொன்னேன் அல்லவா? அது கெடுதலா? வண்டி வந்த முதல் வாரத்திலேயே ஒரு நெடுந்தூரப் பயணம் போவது தவறாகுமா?

மலைப்பாதை எழுதியது:

தவறே இல்லை, உங்கள் நிலையில் அதையே நான் பரிந்துரைப்பேன். குறைந்த தூர ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூட்டை அடைவதற்குள் நின்றுவிடுகிறது. எரியாத எரிபொருளும் ஈரமும் ஆயிலில் சேர்ந்து அதை நீர்த்துப்போகச் செய்கின்றன. ரிங்குக்கு வேண்டிய சுமையும் கிடைப்பதில்லை. நெடுந்தூரப் பயணத்தில் ஆயில் நன்றாகச் சூடேறி அந்த ஈரம் ஆவியாகிவிடும். விரைவுச்சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் போவதைவிட, ஏற்ற இறக்கமும் ஊர்களும் குறுக்கிடும் சாலையைத் தேர்ந்தெடுங்கள். வாய்ப்பு இல்லாவிட்டால் விரைவுச்சாலையிலேயே சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேகத்தை மாற்றி, இடையிடையே ஒரு கியர் இறக்கி ஓட்டுங்கள். வண்டி நிறைய ஆளும் சுமையும் ஏற்றுவதை மட்டும் முதல் பயணத்தில் தவிர்த்துவிடுங்கள்.

எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் பிரேக்கும் டயரும் விட்டுப்போயின. புது பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய முதல் 300 கி.மீ. வரை ஆகும். அதுவரை ஆபத்தான நேரம் தவிர மற்ற வேளைகளில் திடீரென்று அழுத்தாமல், முன்னால் போகும் வண்டியிலிருந்து வழக்கத்தைவிடக் கூடுதலாக விலகியே செல்லுங்கள். புது டயரின் மேற்பரப்பில் வார்ப்பு அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய வழுவழுப்பான படலம் இருக்கும் என்பதால் அது தேயும்வரை, குறிப்பாக ஈரச்சாலையில், பிடிப்புக் குறைவாகவே இருக்கும்.

பயணத்துக்குப் புறப்படும் முன்பும் திரும்பி வந்த பிறகும், சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். ரிங் செட்டாகும் வரை சிறிது ஆயில் குறைவது இயல்பு. ஒவ்வொரு முறையும் கி.மீ. அளவோடு குறித்து வைத்தால், குறைவு நாளடைவில் நின்றுவிடுகிறதா என்று உங்களுக்கே தெரியும். சில ஆயிரம் கி.மீ. கடந்தும் நிற்கவில்லை என்றால், வாரண்டிக் காலத்திலேயே அந்தக் குறிப்போடு சர்வீஸ் மையத்துக்குச் சென்று எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.