உபுண்டு எமர்ஜென்சி மோடில் நிற்கிறது, எஃப்எஸ்டேப்பில் என்ன தவறு?

தறிநூல்: வணக்கம். அலுவலக ஒர்க்ஸ்டேஷனில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) உபுண்டு லினக்ஸ் ஓட்டுகிறேன். ஓஎஸ்ஸுக்கு 40 ஜிபி மெய்நிகர் வட்டு, கணக்கு ஃபைல்களுக்குத் தனியாக 100 ஜிபி. இரண்டாவதை எஃப்எஸ்டேப்பில் (பூட் ஆகும்போது எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் ஃபைல்) எஸ்டிபி1 என்று எழுதி மவுன்ட் செய்திருந்தேன். நாலு மாதம் தொந்தரவே இல்லை. நேற்று மூன்றாவதாக ஒரு காலி வட்டைச் சேர்த்தேன். இப்போது பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் நின்றுவிட்டு எமர்ஜென்சி மோடுக்கு (பழுது பார்க்க மட்டும் திறக்கும் நிலை) போய்விடுகிறது. ஃபைல்கள் போய்விட்டனவா? மாதக் கடைசி வேறு, வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

பூட்பாண்டி: ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எஸ்டிஏ, எஸ்டிபி எல்லாம் நிரந்தரப் பெயர்கள் இல்லை. ஒவ்வொரு பூட்டிலும் வட்டுகள் தட்டுப்படும் வரிசையில் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) வைப்பவை. காலி வட்டு எஸ்டிபி ஆகியிருக்கும், உங்கள் பழையது எஸ்டிசி. புதியதில் பார்ட்டிஷனே (வட்டைப் பிரித்த பகுதி) இல்லை, அதனால் எஸ்டிபி1 என்று ஒன்றும் இல்லை. எஸ்டிபி1 வரும் வரும் என்று, பூட்டை நடத்தும் சிஸ்டம்டி 90 விநாடி பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடுகிறது.

எமர்ஜென்சி மோடிலேயே நானோ எடிட்டரில் எஃப்எஸ்டேப்பைத் திறந்து அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் (#) போட்டுவிட்டு ரீபூட் செய்யுங்கள், அந்த வரி செயல்படாது. சேமிக்க விடாவிட்டால் முதலில் ரூட்டை (ஓஎஸ் இருக்கும் பகுதி) எழுதும் வசதியோடு ரீமவுன்ட் செய்யணும். உள்ளே போனதும் பிஎல்கேஐடி கட்டளை அந்தக் கணக்கு வட்டுக்குக் காட்டும் யூயூஐடியை (வரிசை மாறினாலும் மாறாத அடையாள எண்) எஸ்டிபி1 இருந்த இடத்தில் போட்டு, ஹேஷை எடுத்துவிடுங்கள். ரீபூட்டுக்கு முன் 'மவுன்ட் ஹைஃபன் ஏ' கொடுத்துப் பார்ப்பது நல்லது. தப்பு இருந்தால் அங்கேயே திட்டிவிடும்.

மெளனவட்டு: எஃப்எஸ்டேப் வரியில் நோஃபெயில் என்று சேர்த்தால் வட்டு இல்லாவிட்டாலும் பூட் ஆகிவிடும். ஆனால் கணக்கு வட்டுக்கு நான் போட மாட்டேன். மவுன்ட் ஆகாததைக் கவனிக்காமல் வெறும் ஃபோல்டரில் எழுதிக்கொண்டே போவோம், 40 ஜிபி வட்டு நிரம்பும்போதுதான் தெரியும்.

தறிநூல்: பூட் ஆகிவிட்டது, ரொம்ப நன்றி! ஆனால் இன்று வேறு கூத்து. பாதுகாப்புக்காகக் கணக்கு வட்டை நேற்று விர்ச்சுவல்பாக்ஸில் குளோன் எடுத்து, அதையும் இதே மெஷினில் சேர்த்து வைத்தேன். குளோன் எடுத்த பிறகு நேற்று மாலை போட்ட பதிவுகளைக் காணோம். காலையில் வேறு இரண்டு பில் போட்டுவிட்டேன்.

பூட்பாண்டி: அடடா. குளோன் எடுக்கும்போது விர்ச்சுவல்பாக்ஸ் தன் கணக்குக்கு வட்டுக்குப் புது எண் கொடுக்கும். உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடி அப்படியே இருக்கும். இரண்டு வட்டுக்கும் ஒரே அடையாளம், எது மவுன்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. உங்களுக்குக் குளோன் மாட்டியிருக்கிறது. மாலைப் பதிவுகள் அசலில் பத்திரமாக இருக்கும், காலை பில்கள் குளோனில்.

முதலில் அந்த இரண்டு பில்லையும் வேறு இடத்தில் காப்பி எடுங்கள். மெஷினை நிறுத்தி, குளோனைக் கழற்றிவிட்டு பூட் செய்து பில்களை அசலில் சேருங்கள். பிறகு குளோனை வேறொரு மெய்நிகர் மெஷினில் மாட்டி, மவுன்ட் செய்யாமல் டியூன்2எஃப்எஸ் கட்டளை மூலம் புது யூயூஐடி கொடுங்கள். ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4 வகைதானே? முதலில் இ2எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்டச் சொன்னால் ஓட்டிவிடுங்கள்.

தறிநூல்: எக்ஸ்ட்4தான். மாலைப் பதிவுகள் அசலில் அப்படியே இருந்தன, பில் இரண்டையும் சேர்த்துவிட்டேன். குளோன் இப்போதைக்கு அலமாரியில் வைத்த யூஎஸ்பி டிரைவில் இருக்கிறது, இந்த மெஷின் பக்கமே கொண்டுவரப் போவதில்லை.