சாம்பலாகிப்போன கறுப்புப் பட்டைகள்: மீட்பதா, கழற்றுவதா?

செந்தூல்வாசி எழுதியது:

வணக்கம். அப்பா 1990இல் வாங்கிய சிவப்பு புரோட்டோன் சாகா கார், அவருக்குப் பிறகு என் பொறுப்பில் இருக்கிறது. இஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முன்பின் பம்பர்களும், நான்கு கதவுகளின் குறுக்கே ஓடும் பிளாஸ்டிக் பட்டைகளும் கறுப்பு நிறம் போய் அடுப்புச் சாம்பலாக வெளுத்துக் கிடக்கின்றன. எங்கள் அடுக்குமாடியில் கூரையுள்ள நிறுத்துமிடம் இல்லாததால் வண்டி ஆண்டு முழுவதும் வெயிலிலும் மழையிலும்தான் நிற்கிறது. சாயப்பட்டறை ஒன்றில் விசாரித்தபோது, பட்டைகளைக் கழற்றிவிட்டுத் துளைகளை அடைத்து, கதவுகளுக்கு மட்டும் சாயம் அடித்தால் வண்டி வழுவழுவென்று இருக்கும் என்றார்கள். அம்மாவோ, "அப்பா துடைத்துத் துடைத்து வைத்திருந்த பட்டை, அதை எடுக்காதே" என்கிறார். மீட்பது நடக்கிற காரியமா, கழற்றுவதுதான் சரியா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பிறை பட்டறைக்காரர் எழுதியது:

தம்பி, கழற்றிவிடுங்கள். பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் இருபத்தெட்டு ஆண்டுகளாக வண்டிகளுக்குச் சாயம் அடிக்கிறேன். அந்தப் பட்டைகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, அவற்றின் மீது எனக்குப் பற்றே இல்லாமல் போய்விட்டது. பட்டைக்கும் தகரத்துக்கும் நடுவில் தூசி புகுந்து, மழைநீரில் ஊறிச் சேறாகி, எவ்வளவு வெயில் அடித்தாலும் முழுதாகக் காயாமல் கிடக்கும். எங்கள் பக்கம் கடற்காற்றின் உப்பும் அதோடு சேர்ந்துகொள்கிறது. 2020ஆம் ஆண்டு முடியும்வரை கார்களை ஏற்றிக்கொண்டிருந்த பினாங்கு பெர்ரியில் நாள்தோறும் தீவுக்குப் போய்வந்த வண்டிகள் சிலவற்றில், பட்டையை நெம்பியதும் கிளிப்போடு சேர்ந்து தகரமே துகள் துகளாக என் கையில் உதிர்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளி துருகூடத் தெரியாது. அப்படிப்பட்ட பட்டைக்குக் கறுப்பு பூசி அழகு பார்ப்பது, சுவருக்குள் கரையான் இருக்கும்போது மேலே சுண்ணாம்பு அடிப்பதற்கு ஒப்பானது.

பத்துமலை பழங்கார் எழுதியது:

அண்ணன் துருவைப் பற்றிச் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் துரு இருக்கிறதா என்று பார்க்காமலேயே கழற்றச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1985இல் சாகா முதன்முதலாகச் சாலைக்கு வந்ததிலிருந்து அந்தக் கறுப்பு பம்பரும் பட்டையும்தான் அதன் முகம். அவற்றை எடுத்துவிட்டால் எஞ்சுவது வேறொரு வண்டி.

செந்தூல்வாசி முதலில் ஒன்று செய்து பார்க்க வேண்டும். மாலை மழை விட்டதும் கீழே இறங்கிப்போய் அந்தப் பட்டையைப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது அது கன்னங்கரேலென்று தெரிந்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால், நிறம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று பொருள். இந்தப் பிளாஸ்டிக்கில் கறுப்புக்காகக் கலந்திருப்பது கரித்தூள். அது அவ்வளவு எளிதில் வெளுக்கிற பொருள் அன்று. வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேல்தோலைத்தான் அரிக்கிறது. அதனால் கண்ணுக்குத் தெரியாத பிளவுகளும் குழிகளும் உண்டாகி, அவற்றில் பட்ட ஒளி நாலாபுறமும் சிதறுவதால் நமக்குச் சாம்பல் நிறமாகத் தோன்றுகிறது. தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பியவுடன் கறுப்பு திரும்பிவிடுகிறது. தண்ணீர் சில நிமிடங்களுக்குச் செய்யும் வேலையை, நின்று நிலைக்கும் ஒரு பூச்சைக் கொண்டு செய்வதுதான் மீட்பு என்பது. நனைத்தும் திட்டுத் திட்டாக வெள்ளை நிற்கிறது என்றால், பெரும்பாலும் அது பழைய மெழுகு. சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையும் போதும்.

பிறை பட்டறைக்காரர் எழுதியது:

பூச்சு நிலைக்கும் என்று சொல்வது எளிது, தம்பி. என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு பளபளப்பு எண்ணெயைப் பூசிக்கொண்டுதான் வருகின்றன. அன்று மாலை மழை பெய்தவுடன் அது கரைந்து, கதவின் மேல் கண்ணீர்க் கோடுகளைப் போல வழிந்திருக்கும்; வாரம் ஒரு முறை பூச வேண்டும், பூசிய இடத்தில் தூசி அப்பும். சாயம் அடிக்கும் எங்களுக்கு அந்தச் சிலிக்கோன் எண்ணெய் பெரும் தொல்லை. எவ்வளவு துடைத்தாலும் ஒரு துளி மீந்து, புதுச் சாயத்தில் மீன்கண் போலக் குழி விழவைத்துவிடும். முப்பது ஆண்டு கடந்த வண்டிக்கு இந்தத் தொடர் வேலை தேவைதானா?

ஜெலுத்தோங் ஆசிரியை எழுதியது:

இருவரின் கருத்துகளையும் படித்தேன். எனக்கு நேர்ந்ததைச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன். என் பழைய பெரோடுவா கஞ்சில் காரின் பம்பரைக் கறுப்பாக்கித் தருவதாகச் சொல்லி, ஓர் இடத்தில் சூடான காற்றுத் துப்பாக்கியைப் பிடித்தார்கள். முதல் ஐந்து நிமிடங்கள் மாயம் போல இருந்தது, சாம்பல் நிறம் கண்முன்னே கருத்தது. பிறகு அந்தப் பையன் கைப்பேசியை எடுக்கத் திரும்பிய நேரத்தில், துப்பாக்கி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. பம்பரின் மூலையில் இருந்த சொரசொரப்பான வேலைப்பாடு உருகி, இட்லித் தட்டின் குழி போல வழுக்கையாகிவிட்டது. பக்கத்திலிருந்த சாயமும் கொப்பளித்தது. மீதி இடம் கறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் ஆண்டு முடிவதற்குள் மறுபடி வெளுக்கத் தொடங்கிவிட்டது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். கழற்றுவது என்று முடிவு செய்பவர்கள், கண்ணாடியின் அடியில் ஓடும் ரப்பர் பட்டையையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது அலங்காரத்துக்கு வைத்ததன்று. மழைநீர் கதவுக்குள் அளவுக்கு மீறி இறங்காமல் தடுப்பது அதுதான்.

பத்துமலை பழங்கார் எழுதியது:

ஆசிரியை சொன்னது மிகவும் சரி. இத்தகைய பம்பர்களில் பெரும்பாலும் பயன்படும் பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 160 பாகை செல்சியசில் உருகிவிடும். சூடான காற்றுத் துப்பாக்கி அதைவிட மிக அதிக வெப்பத்தைக் கக்கும். சூடு காட்டும்போது நடப்பதும் அந்த மேல்தோல் இளகி மட்டமாவதுதான். வெயிலைத் தாங்க உற்பத்தியின்போது கலந்த பாதுகாப்புப் பொருள் அதனால் திரும்பி வருவதில்லை, ஆகவே வெளுப்பும் திரும்பிவிடுகிறது. பழைய இஞ்சின் எண்ணெயைத் தடவுங்கள் என்று காப்பிக்கடைகளில் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். கதவோர ரப்பர் அந்த எண்ணெயைக் குடித்து உப்பி, உருக்குலைந்துவிடும்.

அண்ணன் சொல்லும் வழிகிற எண்ணெயை நானும் வெறுக்கிறேன். நான் பேசுவது காய்ந்து இறுகும் பூச்சைப் பற்றி. அதன் வெற்றி தோல்வி, பூசுவதற்கு முன் செய்யும் சுத்தத்தில்தான் இருக்கிறது: எண்ணெய் நீக்கும் கரைசலைத் தெளித்து, துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைத்து, பட்டையின் நுண்ணிய வரிகளுக்குள் ஈரம் இல்லாமல் காயவைத்து, நிழலில் மெல்லியதாகப் பூச வேண்டும். என் வண்டியில் அவ்வாறு பூசியது இரண்டு தீபாவளியைக் கடந்தும் நிற்கிறது. பட்டைக்கு நேரடியாகச் சாயம் அடிக்க எண்ணுபவர்கள், பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பிடிமானப் பூச்சை முதலில் அடிக்காவிட்டால், சாயம் வெங்காயத் தோலைப் போல உரிந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவதன் மறுபக்கத்தையும் அண்ணன் சொல்லியிருக்க வேண்டும். முப்பது ஆண்டுகளாகப் பட்டைக்கு அடியில் வெயில் படாமல் இருந்த சிவப்பு, கழற்றியதும் அடர்ந்த ஒரு கோடாக நிற்கும். அதை மறைக்கக் கதவு முழுவதற்கும் சாயம் வேண்டும். கதவின் சாயம் பக்கத்து ஃபெண்டரோடு பொருந்தாது, பிறகு ஃபெண்டர், அதன் பிறகு பானெட். அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் பக்கத்து வண்டிக்காரர் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அடி வாங்கிக்கொள்வது இந்தப் பட்டைதான் என்பதும் மறக்கக்கூடியதா? நாளை மனம் மாறினால், நல்ல பட்டைக்காக, பழைய வண்டிகளை உடைத்து உதிரிபாகம் விற்கும் போத்தோங் கடைகளில் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

பிறை பட்டறைக்காரர் எழுதியது:

சாயம் பொருந்தாது என்பது உண்மை. அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சிவப்பு எல்லா நிறங்களிலும் கடினமானது. ஆனால் துருவின் விஷயத்தில் நான் இறங்கிவர மாட்டேன். பட்டையை வைத்துக்கொள்வதானாலும் ஒரு முறையாவது கழற்றிப் பாருங்கள். கழற்றும்போது ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற வண்டியில் பசை தானே இளகியிருக்கும்; தூண்டில் நரம்பைப் பட்டைக்குப் பின்னால் செலுத்தி, இரு கைகளாலும் மாறி மாறி இழுத்தால் அறுத்துக்கொண்டே வரும்.

துளைகளை அடைப்பதாகச் சொன்ன பட்டறையிடம், எதைக் கொண்டு அடைப்பீர்கள் என்று கேளுங்கள். புட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பசை, என்று சொன்னால் வண்டியை அங்கே விடாதீர்கள். துளையில் வெறும் புட்டியை அப்பினால், கதவின் உட்பக்கத்து ஈரம் அதில் ஏறி, ஓரிரு ஆண்டுகளில் சாயம் கொப்பளிக்கும். தகரத் துண்டு வைத்துப் பற்றவைத்து, உட்பக்கமும் துருத்தடுப்புப் பூச வேண்டும். அவ்வளவு வேலைக்கு அவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றால், பட்டை அங்கேயே இருப்பது மேல்.

செந்தூல்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு சனிக்கிழமைகள் செலவழித்த பிறகு எழுதுகிறேன்.

மழைக்குப் பிறகு பார்த்தேன். பம்பரும் மூன்று கதவுகளின் பட்டைகளும் முழுக் கறுப்பாக மாறின. ஓட்டுநர் கதவின் பட்டை மட்டும் நனைந்தும் மங்கலாகவே இருந்தது; விரலால் தேய்த்தால் சாம்பல் பொடி ஒட்டியது. நண்பகலில் தூண்டில் நரம்பைக் கொண்டு அதைக் கழற்றினேன். எங்கள் வண்டியில் நடுவே ஒட்டுநாடாவும் இரு நுனிகளில் கிளிப்பும் இருக்கின்றன. பின்நுனித் துளையைச் சுற்றி ஐம்பது காசு அகலத்துக்குத் துரு இருந்தது. ஊசியால் குத்திப் பார்த்தேன். தகரம் இன்னும் கெட்டியாக இருக்கிறது. பட்டைக்கு அடியில் இருந்த சிவப்பைக் கண்டு அம்மா அங்கேயே நின்றுவிட்டார். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளன்று இருந்த நிறம் அதுதான் என்றார்.

துருவைத் தேய்த்து எடுத்து, துருத்தடுப்பும் பிரைமரும் பூசியிருக்கிறேன். பட்டைகளை மீட்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஓட்டுநர் கதவுக்கு மட்டும் வேறு பட்டை தேடுகிறேன்.

பிறை பட்டறைக்காரர் எழுதியது:

மற்ற மூன்று கதவுகளின் பட்டைகளையும் கழற்றிப் பாருங்கள், தம்பி. ஒரு கதவில் துரு இருந்தால் மற்றவற்றிலும் இருக்கும். பட்டையை மாட்டும்போது கிளிப்புத் துளையைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இங்கே எனக்குத் தெரிந்த போத்தோங் கடையில் உடைத்துப் போட்ட சாகா ஒன்று கிடக்கிறது. திங்கட்கிழமை போய் ஓட்டுநர் பக்கக் கதவைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.